இப்னு கல்தூன் உதறிய உத்தியோகம்

ஹிஜ்ரி 752ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1351இல், தூனிஸ் நகரத்து அரசவையில் இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர் ஒருவருக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. எழுதுகிற வேலை. எழுத வேண்டியதோ ஒரே ஒரு வாசகம். சுல்தானின் பெயரால் வெளிப்போகும் கடிதங்களிலும் ஆணைகளிலும், பிஸ்மிக்கும் அதன் கீழே தொடங்கும் செய்திக்கும் இடையில், புகழும் நன்றியும் அல்லாஹ்வுக்கே என்னும் பொருளுடைய அரபுச் சொற்களைத் தடித்த எழுதுகோலால் வரைய வேண்டும். அவ்வளவுதான். அந்த வரி இருந்தால் ஆணை மெய்யானது. இல்லையேல் அது வெறுந்தாள். அடையாளம் என்னும் பொருள்பட அதற்கு 'அலாமா' என்று பெயர்.

அரசனுக்கு அருகில் அமர்ந்து செய்யும் வேலை. எந்தக் கடிதம் எங்கே போகிறது என்பதை முதலில் அறியும் வேலை. கருவூலத்திலிருந்து சம்பளம் வரும் வேலை. கொள்ளைநோயில் பெற்றோரைப் பறிகொடுத்து நிற்கும் ஓர் இளைஞனுக்கு இதனினும் நல்வாய்ப்பு வேறென்ன வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். இளைஞரோ அடுத்த ஆண்டே அதை விட்டு அகன்றார். அவர்தாம் பிற்காலத்தில் 'முகத்திமா' என்னும் பெருநூலை யாத்து, வரலாற்றுக் கலைக்கே புதுவழி கண்ட அப்துர் ரஹ்மான் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள்.

அப்பதவி தமக்கு வந்த விதத்தை அன்னார் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கின்றார். அவருக்கு முன் அலாமா எழுதி வந்தவர் சம்பளத்தைக் கூட்டித் தரும்படி கேட்டாராம். சுல்தானோ இளம் பிராயத்தினர். ஆட்சி முழுவதும் இப்னு தாஃபராகீன் என்னும் ஹாஜிபின் கையில் இருந்தது. ஹாஜிப் என்பதற்கு வாயில் காப்போன் என்று அகராதி பொருள் கூறும். அந்நாளைய மக்ரிப் நாடுகளிலோ அதற்கு முதலமைச்சர் என்றே பொருள் கொள்ள வேண்டும். கூட்டிக் கேட்டவரை அவர் வீட்டுக்கு அனுப்பினார். அந்த இடத்தில் இப்னு கல்தூனை அமர்த்தினார். நல்ல குலத்தில் பிறந்தவர், எழுதத் தெரிந்தவர், வயதில் சிறியவர், கூட்டிக் கேட்க அறியாதவர். அமர்த்துகிறவருக்கு இதைவிட வசதி வேறில்லை!

ஏன் விட்டுப் போனார்? அதற்கும் அவரே இரண்டு காரணங்கள் கூறுகின்றார். ஒன்று, தம் ஆசிரியர்கள் எல்லாரும் போய்விட்டதனால் தம்மைச் சூழ்ந்த வெறுமை. மற்றொன்று, கல்வி தேடுவதினின்றும் தாம் தடைபட்டுக் கிடந்தமை. இந்த இரண்டாவதைக் குறிக்க அவர் ஆண்ட அரபுச் சொல்லில் நம் கண் நிலைத்து நின்றுவிடுகிறது. அய்ன், தா, லாம் என்னும் மூன்றெழுத்து வேரிற் பிறந்த சொல் அது. நகையணியாத கழுத்தை அரபியர் அவ்வேரினால் குறிப்பர். இறைப்பார் அற்றுப் பாழாய்க் கிடக்கும் கிணற்றுக்குத் திருக்குர்ஆனில் வரும் சொல்லும் அவ்வேரினதே. வேலையின்றி இருப்பவனையும் அரபு மொழி அதே வேரால்தான் அழைக்கும். நாடாளும் அவையில் வேலை பார்த்துக் கொண்டிருந்த காலத்தைத்தான் இப்னு கல்தூன் தாம் வேலையற்றிருந்த காலமாகக் கணக்கிட்டார் என்பதை இச்சொல் காட்டிக் கொடுக்கிறது.

அவர் யாரை இழந்து வெறுமையுற்றார் என்பதை அறிய நாம் நான்கு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1347இல் ஃபாஸ் நகரிலிருந்து ஆண்ட மரீனிய சுல்தான் அபுல் ஹஸன் தூனிஸைக் கைப்பற்றினார். படைகளோடு அறிஞர் கூட்டம் ஒன்றையும் அவர் அழைத்து வந்திருந்தார். அப்பொழுது இப்னு கல்தூனுக்கு வயது பதினைந்து. நாட்டைப் பிடித்த படையைப் பற்றி ஊர் பேசிக் கொண்டிருக்க, இச்சிறுவர் அதனோடு வந்த ஆசிரியர்களிடம் ஓடினார். ஃபிக்ஹு ஒருவரிடம், ஹதீஸும் இலக்கணமும் மற்றொருவரிடம். எல்லாருக்கும் மேலாக, தர்க்கமும் கணிதமும் மெய்யியலும் முஹம்மத் இப்னு இப்ராஹீம் அல்ஆபிலி என்பாரிடம்.

அந்தக் கல்வி நெடுநாள் நீடிக்கவில்லை. 1348இல் கைரவான் அருகே அபுல் ஹஸன் தோற்றார். அதே வேளையில் உலகையே உலுக்கிய கொள்ளைநோய் தூனிஸுக்குள்ளும் புகுந்தது. தந்தை மறைந்தார், தாய் மறைந்தார், ஆசிரியர்களுள் பலர் மறைந்தனர். எஞ்சியோர் சுல்தானோடு கப்பலேறி ஊர் திரும்புகையில் பிஜாயா கடற்கரைக்கு அப்பால் புயலிற் சிக்கி மூழ்கினர். ஒரு தலைமுறையின் கல்வி முழுவதையும் நோயும் கடலும் பங்கிட்டுக் கொண்டதைப் போன்ற நிலை. ஆபிலி மட்டும் தூனிஸிலேயே தங்கி ஓதிக் கொடுத்துக் கொண்டிருந்தார். புதிய மரீனிய சுல்தான் அபூ இனான் அழைப்பு விடுக்கவே அவரும் ஃபாஸுக்குப் போய்விட்டார். பின்தொடர்ந்து செல்ல இப்னு கல்தூன் விரும்பினார். மூத்த சகோதரர் முஹம்மத் தடுத்து நிறுத்தினார். அந்த நிலையில்தான் அலாமா உத்தியோகம் வந்து சேர்ந்தது.

இந்த ஆபிலியின் கதையைச் சற்று விரித்துரைக்காமல் மேலே செல்ல நமக்கு மனமில்லை. அவர் திலிம்ஸான் நகரத்தவர். படைத்தொழில் செய்த குடும்பம். இளமையிலேயே கணக்கில் வல்லவர் எனப் பெயர் பெற்றார். அச்செய்தி அந்நகரை ஆண்ட சுல்தான் அபூ ஹம்மூவின் செவிக்கு எட்டிற்று. கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் கையிற் கிடைத்தால் ஆள்வோர் என்ன செய்வர்? வரிப்பண வசூலை மேற்பார்க்கும் பொறுப்பை அவர் தலையில் சுமத்த முனைந்தார் சுல்தான். எத்தனையோ பேர் காலமெல்லாம் காத்துக் கிடந்தாலும் கிட்டாத பதவி. ஆபிலி மறுத்தார். சுல்தான் வற்புறுத்தவே தந்திரமாகத் தப்பி ஃபாஸுக்கு ஓடினார். அங்கே கல்லூஃப் என்னும் யூதக் கணித வல்லுநரின் வீட்டில் ஒளிந்திருந்து, ஒளிந்திருந்த காலத்தையும் வீணாக்காமல் அவரிடம் கணிதம் கற்றார். பின்னர் அங்கிருந்து மர்ராகுஷ் சென்று, கணக்கியலில் 'தல்கீஸ்' என்னும் புகழ்பெற்ற கித்தாபை எழுதிய இப்னுல் பன்னாவின் காலடியில் அமர்ந்தார். எந்தக் கணக்குத் திறமைக்காகச் சுல்தான் பொன் கொடுக்க முன்வந்தாரோ, அதே திறமையை இன்னும் ஆழப்படுத்திக் கொள்ளவே அவர் அப்பொன்னை விட்டோடினார். கையில் இருப்பதை இன்று விற்பதா, இன்னும் சில ஆண்டுகள் வளர்ப்பதா என்பதே அவர் முன் நின்ற கேள்வி.

ஆபிலியைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. மத்ரஸாவில் காலந்தள்ளும் நம்மனோர்க்கு அது சற்றுக் கசக்கும். அரசர்கள் மத்ரஸாக்களைக் கட்டியது கல்வியைக் கெடுத்துவிட்டது என்பது அவருடைய கருத்து. முன்னெல்லாம் மாணவன் ஆசிரியரைத் தேடி ஊர் ஊராய்ப் போனான். இப்பொழுது உதவித்தொகை எங்கே கிடைக்கிறதோ அங்கே போய் அமர்ந்து கொள்கிறான். ஆட்சியாளர் விரும்பும் ஆசிரியரே அங்கே அமர்த்தப்படுகின்றார் என்று அவர் குறைப்பட்டார். நாம் இதனை முழுதும் ஒப்புவதற்கில்லை. கட்டடமும் சோறும் இல்லாதிருந்தால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் ஓதியிருக்கக்கூடும்? ஆனால், கற்கும் இடத்தைச் சம்பளத்தால் தேர்ந்தெடுக்கிறவன் ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதில்லை என்னும் அளவுக்கு அவர் கூற்றில் உண்மை இருக்கவே செய்கிறது.

இத்தகைய ஆசிரியரிடம் பயின்றவர் ஒற்றை வரி எழுதிக் கொண்டு எப்படி அமர்ந்திருப்பார்? 1352இல் தூனிஸ் படையுடன் அவரும் வெளியே செல்ல நேர்ந்தது. போரில் அப்படை தோற்றுச் சிதறியது. மற்றவர்கள் தூனிஸை நோக்கித் திரும்புகையில் அவர் மேற்கு நோக்கி நடந்தார். பிஸ்கராவில் குளிர்காலத்தைக் கழித்து, பல இடங்களில் தங்கி, 1354இல் சுல்தான் அபூ இனானின் அழைப்பின் பேரில் ஃபாஸ் சென்று அறிஞர் அவையில் இடம் பெற்றார். அங்கே ஆபிலி இருந்தார். அந்தலூஸிலிருந்து தூது வரும் கல்விமான்களும் இருந்தனர். 1356இல் ஆபிலி மறையும் வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆசிரியரும் மாணவரும் ஒரே நகரில் வாழ்ந்தனர். அலாமாவை விட்டதற்கு அவர் பெற்ற ஆதாயம் அதுவே.

இத்துடன் கதையை முடித்துக் கொண்டால் நல்ல உபதேசக் கதையாகிவிடும். நம்மவர் பலர் அவ்வாறுதான் முடித்து, பணத்தைத் துச்சமென மதித்த துறவியாக அவரைக் காட்டிவிடுகின்றனர். வரலாறு அதற்கு இடந்தரவில்லை. ஃபாஸில் அவர் மீண்டும் அரசவை எழுத்தரானார். தம் முன்னோரில் எவரும் செய்யாத வேலை என்று முகஞ்சுளித்துக் கொண்டே அதை ஏற்றார். ஆயினும் ஏற்றார்! பதவியிழந்த பிஜாயா அமீரோடு தொடர்பு வைத்திருக்கிறார் என்று ஐயுற்று 1357இல் அவரைச் சிறையிலிட்டனர். ஏறக்குறைய இருபத்தொரு மாதங்கள், அபூ இனான் இறக்கும் வரை, வெளிவர இயலவில்லை. பின்னர் ஆட்சிக்கு வந்த சுல்தான் ஒருவரிடம் அந்தரங்கச் செயலரானார். அவரும் வீழ்ந்தபின், வந்த வஸீரிடம் இன்னும் உயர்ந்த பதவி வேண்டுமென எதிர்பார்த்து, கிடைக்காமற் போகவே மனம் கசந்து ஒதுங்கினார். அந்நாளைய தம் மனநிலையை வாலிபத்தின் அத்துமீறல் என்று பிற்காலத்தில் அவரே குறிப்பிடுகின்றார்.

ஈண்டு ஒன்றைப் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. வளர்ச்சி என்று நாம் கூறுவதில் இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஆள் வளர்வது. மற்றொன்று, நாற்காலி வளர்வது. இருபதாம் வயதில் சம்பளத்தை விட்டு முதலாவதைத் தேடிச் சென்றவர், முப்பதாம் வயதில் இரண்டாவதை முதலாவதென்று மயங்கி அலைந்தார். சம்பளத்துக்கு மயங்காதவர்களும் பதவிக்கு மயங்குவதுண்டு. முன்னதை ஆசை என்று எவரும் எளிதில் கண்டுகொள்வர். பின்னது முன்னேற்றம் என்னும் போர்வையில் வருவதால் கண்டுகொள்வது கடினம்.

மயங்காத வேளைகளும் அவருக்கு இருந்தன. 1362இன் இறுதியில் அவர் கர்னாதா சென்றார். அங்கே சுல்தான் ஐந்தாம் முஹம்மதும், வஸீர் லிஸானுத்தீன் இப்னுல் கதீபும் அவரைப் பெரிதும் போற்றினர். 1364இல் காஸ்டில் நாட்டுக் கிறித்தவ மன்னர் பெத்ரோவிடம் தூதராக இஷ்பீலிய்யா நகருக்கு அனுப்பப்பட்டார். அது அவருடைய முன்னோர் வாழ்ந்த ஊர். 1248இல் அந்நகர் முஸ்லிம்களின் கையை விட்டுப் போவதற்கு முன்பே கல்தூன் குடும்பத்தார் அங்கிருந்து வெளியேறி விட்டிருந்தனர். முன்னோரின் நினைவுச் சின்னங்களை அவர் கண்ணாரக் கண்டார். மன்னரின் அவையில் இருந்த யூத மருத்துவர் அவரைப் பற்றி உயர்வாக எடுத்துரைக்க, மன்னர் ஒரு வாய்ப்பை முன்வைத்தார். தம்மிடமே தங்கிவிட வேண்டும். தங்கினால் குடும்பத்தின் பழைய நிலபுலன்களை மீட்டுத் தருவதாகக் கூறினார்.

வாசக அன்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இது வெறும் சம்பளமன்று. பாட்டனாரின் வீடும் நிலமும். நம் குடும்பங்களிலும், கைவிட்டுப் போன பூர்வீகச் சொத்து என்றால் உள்ளம் எப்படி உருகும்! அவர் பணிவான சொற்களால் மறுத்துவிட்டார். விடைபெறும்போது மன்னர் அளித்த கோவேறு கழுதையைத் தங்கம் பதித்த கடிவாளத்தோடு கொண்டு வந்து கர்னாதா சுல்தானுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். சுல்தான் அவருக்கு நீர்வளம் மிக்க பகுதியில் ஒரு சிற்றூரையே மானியமாக வழங்கினார். அதிலும் அவர் நிலைக்கவில்லை. 1365இல் பிஜாயாவின் ஹாஜிபாகப் போய் அமர்ந்தார். காலையில் அரசுக் காரியம். அது முடிந்ததும் கோட்டைப் பள்ளிவாசலில் பாடம். ஓராண்டு கழிந்த சிறிது காலத்திலேயே அவரை அழைத்த அமீர், தம் தாயாதி அபுல் அப்பாஸுடன் நடந்த போரில் கொல்லப்பட்டார்.

அதற்குப் பின் திலிம்ஸானிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. ஆபிலிக்குக் கணக்குப் பதவி தர முனைந்த அதே அரச குலம். அதே பெயருடைய மற்றொரு சுல்தான், இரண்டாம் அபூ ஹம்மூ. தம்மிடம் ஹாஜிபாக வருமாறும், அலாமாவும் அவர் பொறுப்பிலேயே இருக்கும் என்றும் எழுதினார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் உதறிய அதே அலாமா, இப்பொழுது பன்மடங்கு உயர்ந்த பீடத்தில் அமர்ந்து அவரைக் கூப்பிட்டது. பதவிகளின் ஆபத்தில் சலித்துவிட்டதாகவும், கல்வியைப் பலகாலம் கவனியாது விட்டுவிட்டதாகவும் கூறி அவர் மறுத்தார். தம் இளவல் யஹ்யாவை அனுப்பி வைத்தார். யஹ்யாவும் சாமானியரல்லர். திலிம்ஸான் அரச குலத்தின் வரலாற்றை எழுதியவர். ஹிஜ்ரி 780இல் அரண்மனைச் சூழ்ச்சிக்கு இரையாகி அந்நகரிலேயே கொலையுண்டார்.

பதவியை மறுத்தாரேயன்றி, பாலைவனக் குடிகளை அந்தச் சுல்தானுக்குச் சார்பாகத் திரட்டிக் கொடுக்கும் வேலையை இப்னு கல்தூன் செய்யவே செய்தார். பின்னர் அவருடைய எதிரிக்கும் செய்தார். இதை மறைப்பது வரலாற்று ஆசிரியர் ஒருவருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது. அதே வேளையில், அந்த அலைச்சல் முழுவதும் வீண் என்றும் நாம் கருதவில்லை. பிஜாயா மலைகளில் வரி கேட்டுப் போனவருக்கும் பிஸ்கராவில் பழங்குடித் தலைவர்களோடு உண்டு உறங்கியவருக்கும் தான், ஒரு குலம் ஏன் ஒன்றுபடுகிறது, ஆட்சி பிடித்த பின் ஏன் தளர்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். ஃபாஸ் நூலகத்திலேயே இருந்திருந்தால் அவர் வேறொரு நல்ல ஆலிமாக ஆகியிருப்பார். 'அஸபிய்யா' என்னும் கருத்து அவருக்குக் கிட்டியிராது.

1375இல், மீண்டும் அதே சுல்தானின் ஒரு வேலையை ஏற்பது போல் புறப்பட்டு, வழியில் விலகி, அவ்லாது ஆரிஃப் என்னும் குடியினரிடம் போய்ச் சேர்ந்தார். அவர்கள் அவரையும் அவர் குடும்பத்தையும் கல்அத்து இப்னு ஸலாமா என்னும் கோட்டையில் குடியமர்த்திக் காத்தனர். அது இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ நான்காண்டுகள். பதவியில்லை, சம்பளமில்லை. 1377இல் ஐந்தே மாதங்களில் முகத்திமாவின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார்.

அந்நூலின் ஐந்தாம் பகுதி பிழைப்பைப் பற்றியது. மனிதன் ஈட்டும் பொருள் என்பது அவனுடைய உழைப்பின் மதிப்பே என்று அதில் நிறுவுகின்றார். உடனே, காழி, முஃப்தி, ஆசிரியர், இமாம், முஅத்தின் ஆகியோர் பெரும்பாலும் செல்வராவதில்லை என்று ஒரு தனிப்பிரிவே எழுதுகின்றார். அவர்கள் தரும் பொருள் உயர்ந்ததாயினும் பொதுமக்களுக்கு அதன் தேவை அன்றாடம் தோன்றுவதில்லை. அவர்களும் தம் கல்வியின் மேன்மை கருதி இவ்வுலகச் செல்வர் முன் குழைந்து நிற்பதில்லை என்று காரணம் காட்டுகின்றார். கற்றறிந்த ஒருவர் இதனை ஒப்புக்கொள்ளவில்லையாம். பிறகு கலீஃபா மஃமூனின் அரண்மனைக் கணக்கேடுகளிலிருந்து கிழிந்த சில தாள்கள் இவர் கைக்குக் கிடைத்தன. காழிகளுக்கும் இமாம்களுக்கும் முஅத்தின்களுக்கும் கொடுத்த சம்பளம் அவற்றில் பதிவாகியிருந்தது. தாளைக் காட்டினார், வாதம் முடிந்தது. ஐந்து நூற்றாண்டுகளுக்கு முந்திய சம்பளப் பட்டியலைத் தேடிப் படித்து மகிழ்ந்த இந்த மனிதரை நாம் மிகவும் நேசிக்கிறோம்.

ஆறாம் பகுதியில் அவர் பேசும் 'மலகா' நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. திரும்பத் திரும்பச் செய்வதால் ஒருவனுடைய இயல்பாகவே ஆகிவிடும் தேர்ச்சிக்கு அது பெயர். கல்வியும் தையலைப் போல், தச்சைப் போல் ஒரு தொழிலே. ஆசிரியரோடு உரையாடி, வாதாடித்தான் அதில் கை படியும். அதனால்தான், ஊர் கடந்து சென்று பல ஆசிரியர்களைச் சந்திப்பதை அவர் அத்துணை வலியுறுத்துகின்றார். நீண்ட காலம் கற்பதே போதும் என்பார்க்கும் அவரிடம் மறுமொழி உண்டு. அவர் காலத்தில் மொராக்கோ மத்ரஸாக்களில் மாணவர் பதினாறு ஆண்டுகள் தங்கினர். தூனிஸிலோ ஐந்தே ஆண்டுகள். அந்தப் பதினாறு, பெருமைக்குரியதன்று என்கின்றார். வாய்திறவாமல் அமர்ந்து மனனம் மட்டும் செய்ததால் அத்தனை காலம் பிடித்தது. அப்படியும் தேர்ச்சி கிட்டவில்லை. ஆகவே, குறைந்த சம்பளத்தில் நெடுங்காலம் காத்திருப்பதெல்லாம் வளர்ச்சியாகிவிடாது. அங்கே கற்பிப்பார் எவருமில்லையானால், அது அலாமா எழுதுவதினும் கேடு. அலாமாவுக்குச் சம்பளமாவது நன்றாக வந்தது.

ஆறாவது ஜும்ராவில் நன்றாக ஓதிக் கொண்டிருக்கும் மாணவனுக்கு வளைகுடாவிலிருந்து மாமா விசா அனுப்பிவிட்டார் என்று அத்தாமார்கள் நம்மிடம் வந்து நிற்பதுண்டு. "இன்னும் ஓராண்டுதானே ஹஜ்ரத், ஆனால் இந்த விசா மறுபடி வருமா?" என்பர். அக்காளின் கல்யாணக் கடன் இருக்கும்; அம்மாவின் மருந்துச் செலவு இருக்கும். அவர்களிடம் இப்னு கல்தூனின் கதையை எடுத்தோதுவது எளிது, நியாயமாகாது. அவருக்கு உயர்குடிப் பெயர் இருந்தது. போகிற ஊரிலெல்லாம் வரவேற்க அமீர்கள் இருந்தனர். கோட்டையில் குடும்பத்துக்குச் சோறு போட ஒரு குடியினர் இருந்தனர். அந்தப் பையனுக்கு இவை இல்லை. பசியைத் தீர்க்கிற வேலையைத் தடுக்க நமக்கு வாய் வருவதில்லை. அங்கே இவனுக்கு மேலே இருந்து வேலை கற்றுக்கொடுப்பவர் யார், ஐந்தாண்டு கழித்து இன்று தெரியாத எது இவனுக்குத் தெரிந்திருக்கும் என்று மட்டும் கேட்போம். சில அத்தாமார்கள் அதைத் தொலைபேசியில் கேட்டறிந்து வந்து சொல்வதுண்டு. பலருக்கு அப்படிக் கேட்கலாம் என்பதே புதிதாக இருக்கிறது.

கோட்டையில் இப்னு கல்தூனுக்கு ஒரு குறை ஏற்பட்டது. நினைவிலிருந்து எழுதக் கூடியதை எழுதிவிட்டார். மேற்கொண்டு சரிபார்க்கக் கித்தாபுகள் வேண்டும். அவை பெருநகரத்தில்தான் கிடைக்கும். கடுமையான நோயிலிருந்து தேறி எழுந்ததும் தூனிஸ் சுல்தானுக்கு அனுமதி கேட்டு எழுதினார். சுல்தான் வேறு எவருமல்லர். பிஜாயாப் போரில் இவருடைய அமீரை வென்ற அதே அபுல் அப்பாஸ். அனுமதி வந்தது. 1378இல், அலாமாவை விட்டுப் புறப்பட்ட இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், தாம் பிறந்த ஊருக்குத் திரும்பினார். பதவி கேட்கவில்லை. ஓதிக் கொடுத்தார், நூலை நிறைவாக்கி ஒரு பிரதியைச் சுல்தானுக்குச் சமர்ப்பித்தார். ஊரின் பெரிய முஃப்தி இப்னு அரஃபாவிடம் ஓதிக் கொண்டிருந்த மாணவர்கள் இவர் பக்கம் சாயத் தொடங்கினர். முஃப்திக்கு அது பிடிக்கவில்லை. அவைப் பகையும் சூழ்ச்சியும் மீண்டும் தலைதூக்கவே, 1382இல் ஹஜ்ஜுக்குப் போவதாகச் சொல்லி அலெக்ஸாந்திரியாவுக்குக் கப்பலேறினார். துறைமுகத்தில் வழியனுப்ப வந்து நின்றவர்களுள் அவருடைய மாணவர்களும் இருந்தனர்.